அக்கரைச்சாமி என்பவர்

"அக்கரைச்சாமி! அக்கரைச்சாமி! அக்கரைச்சாமி!"

கோர்ட் டவாலி தங்கராஜ் வராந்தாவில் நின்று கூப்பிட்டார். அவருக்கு நல்ல கனத்த குரல். வேப்பமரத்தடியில் வாய்தாவுக்காகக் காத்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வடைக்கடைக்காரர்கூடப் பார்த்தார். யாரும் எழுந்து வரவில்லை.

தங்கராஜ் உள்ளே வந்து, "ஆஜர் இல்லீங்க ஐயா" என்றார்.

நான் "ஆஜர் இல்லை" என்று தட்டினேன்.

வாய்தாவுக்கு வாய்தா இதே நடந்தது. முதல் எதிரி ரெங்கநாதன் (குற்றம் சாட்டப்பட்டவருக்கு எங்கள் பாஷையில் எதிரி என்று பெயர்) கூண்டில் நிற்பார்; பெயரைக் கூப்பிட்டதும் "ஐயா" என்று கையைத் தூக்குவார். இரண்டாம் எதிரி அக்கரைச்சாமி, தலைமறைவு. வயது சுமார் நாற்பது. தகப்பனார் பெயர் தெரியவில்லை. முகவரி தெரியவில்லை. வயது மட்டும் எப்படித் தெரிந்தது என்று எனக்கு அப்போதே ஒரு சந்தேகம். தட்டச்சு செய்கிறவளுக்குச் சந்தேகம் வரலாம். அதைக் கேட்கக் கூடாது.

விருப்ப ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருப்பதால் இப்போது எழுதுகிறேன். வழக்கம்போல் பெயர்களை மாற்றிவிட்டேன். ரெங்கநாதனை மட்டும் மாற்றவில்லை. அதை மாற்றினால் கதையே இல்லை. திருச்சியில் தெருவுக்குப் பத்து ரெங்கநாதன்கள் இருப்பதால் பாதகமும் இல்லை.

வார்டில் கேட்டது

செங்கமலம் திருவெள்ளறைப் பெண். அரியமங்கலத்தில் லேத் பட்டறை வைத்திருந்த ரெங்கநாதனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். வீடு பட்டறைக்குப் பின்னாலேயே. ஒரு பெண் குழந்தை. பட்டறைக்குப் புது மெஷின் வேண்டும், அதற்கு மாமனார் தன் நிலத்தை விற்க வேண்டும் என்று கல்யாணத்துக்குப் பிறகும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நிலம் விற்கவில்லை. ஒரு நாள் மாலை, இரும்புச் சாமான்களைத் துடைக்க வைத்திருந்த மண்ணெண்ணெய் செங்கமலத்தின் மேல் விழுந்தது. அதற்குப் பின்னால் தீக்குச்சி.

அரசு மருத்துவமனையில் சேர்த்தபோது டாக்டர்களுக்கு நம்பிக்கை இல்லை. இப்படிப்பட்ட நேரத்தில் ஒரு மாஜிஸ்திரேட் வார்டுக்கே வந்து நோயாளியிடம் நடந்ததைக் கேட்டு எழுதிக்கொள்வார். அதுதான் மரண வாக்குமூலம். சொந்தக்காரர்களை வெளியே அனுப்புவார். நோயாளிக்கு நினைவு தெளிவாக இருக்கிறது என்று டாக்டர் கையெழுத்துப் போடுவார். பிறகுதான் கேள்வி.

அன்று வந்த மாஜிஸ்திரேட் எல்லாவற்றையும் முறையாகவே செய்தார். தன் கையாலேயே எழுதினார். அந்தக் காகிதத்தைப் பிற்பாடு நான் பலமுறை படித்திருக்கிறேன். முக்கியமான வரிகள் இவ்வளவுதான்:

யார் ஊற்றியது? – அவங்கதான்.

அவங்க என்றால் யார்? – அவங்கதான்.

பெயரைச் சொல்லுங்கள். – அக்கரைச்சாமி.

மாஜிஸ்திரேட் தென்கோடியிலிருந்து மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அவர் ஊர்ப் பக்கத்தில் ஒருவருக்கு அக்கரைச்சாமி என்று பெயர் இருந்தால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். படித்துக் காட்டினார். செங்கமலம் தலையசைத்தாள். அவளுடைய விரல்களில் ரேகை எடுக்க இடம் இல்லாததால் கால் பெருவிரல் ரேகையை எடுத்தார்கள்.

இதைப் படிக்கும் திருச்சிக்காரர்கள் இந்நேரம் சிரித்திருப்பார்கள். மற்றவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது என்று செங்கமலத்துக்குக் கட்டுப்பாடு. புருஷன் பெயர் ரெங்கநாதன். ஸ்ரீரங்கத்தில் பள்ளிகொண்டிருக்கும் பெருமாளின் பெயரும் அதுவே. ஸ்ரீரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கும் தீவு. திருவெள்ளறையிலிருந்து பார்த்தால் கொள்ளிடத்துக்கு அக்கரை. அரியமங்கலத்திலிருந்து பார்த்தால் காவிரிக்கு அக்கரை. கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் அவளுக்கு அது அக்கரையாகவே இருந்தது. அங்கே இருக்கிற சாமி, அக்கரைச் சாமி.

மாஜிஸ்திரேட் நடுவில் ஓர் இடைவெளி விட்டிருந்தால் சாமியாகவே இருந்திருக்கும். சேர்த்து எழுதியதால் ஆளாகிவிட்டது.

ஒரு சொல்லின் சக்தி

ஆள் ஆக்கும் வேலையை முழுதாகச் செய்து முடித்தது காவல் நிலையம். "அக்கரைச்சாமி என்பவர்" என்று எழுதினார்கள்.

இந்த "என்பவர்" இருக்கிறதே, அரசாங்கத் தமிழில் அதற்கு நிகரான சொல் கிடையாது. எதற்குப் பின்னால் போட்டாலும் அதற்குக் கை கால் முளைத்துவிடும். ஒருமுறை ஒரு விபத்து வழக்கில் லாரியின் பின்பக்கம் எழுதியிருந்த குலதெய்வத்தின் பெயரை யாரோ ஓட்டுநர் பெயர் என்று நினைத்து, "முனியாண்டவர் என்பவர் வாகனத்தை அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டி வந்து" என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். முனியாண்டவருக்குச் சம்மனும் போயிற்று.

அக்கரைச்சாமியைத் தேடி இரண்டு காவலர்கள் முசிறி வரை போய்வந்ததாக அறிக்கை உண்டு. அங்கே ஒரு பெரியவர், "எங்க பெரியப்பா பேரு அதாங்க, அவரு காலமாயிட்டாரு" என்றாராம். அதையும் விசாரித்திருக்கிறார்கள்.

நான் மட்டும் என்ன, வாய்தா தோறும் அந்தப் பெயரைத் தட்டியவள்தானே. எனக்கும் புரியவில்லை. நான் ஸ்ரீரங்கத்துக்காரி. எங்கள் தெருவில் "அக்கரைக்குப் போயிட்டு வரேன்" என்றால் மெயின்கார்டு கேட் போய்ப் புடவை எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று பொருள். எங்களுக்கு அக்கரை என்றால் திருச்சி. நாங்களே ஒருவருக்கு அக்கரையாக இருப்போம் என்று எங்களில் யாருக்கும் தோன்றாது.

ஆட்டுக்குத் தண்ணி

மரண வாக்குமூலம் என்றாலே எனக்கு இன்னொரு பெண் ஞாபகம் வருவாள். அதைச் சொல்லிவிட்டு வருகிறேன்.

மருங்காபுரிப் பக்கத்துப் பெண். அதுவும் சீர் செனத்தியில் ஆரம்பித்துத் தீயில் முடிந்த கதைதான். அவள் பிழைக்கவில்லை. அவள் சொன்னது சிறிய வாக்குமூலம். புருஷன் பெயரையும் மாமியார் செய்ததையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். மீதி முழுக்க ஆடு. "ஆட்டுக்குத் தண்ணி காட்டலை. சினை ஆடு ஒண்ணு தனியாக் கட்டியிருக்கு. அதைப் பாத்துக்கச் சொல்லுங்க."

அந்த மாஜிஸ்திரேட் ஆட்டையும் விடாமல் எழுதியிருந்தார். எதிர்த்தரப்பு வக்கீல், வலியில் அவள் நினைவு தப்பி உளறியிருக்கிறாள் என்று வாதாடினார். நீதிபதி அந்த ஆட்டு வரியைத்தான் பிடித்துக்கொண்டார். சினை ஆட்டைத் தனியாகக் கட்டியிருப்பது நினைவிருக்கிற பெண்ணுக்கு, தீ வைத்தவனையும் நினைவிருக்கும் என்று எழுதினார். தண்டனை ஆயிற்று. அந்தத் தீர்ப்பைத் தட்டும்போது எனக்கு எழுத்து மங்கிவிட்டது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன்.

சாகப் போகிறவர் பொய் சொல்ல மாட்டார் என்பது சட்டத்தின் நம்பிக்கை. அதனால்தான் குறுக்கு விசாரணை இல்லாமலே அந்தப் பேச்சை ஏற்றுக்கொள்கிறார்கள். சட்டம் எழுதியவர்களுக்கு இன்னொன்று தோன்றவில்லை. சாகப் போகிறவர் மரியாதையையும் விட மாட்டார். அதிலும் நம் ஊர்ப் பெண்கள்.

பேர் சொல்லாத பேர்கள்

இந்த விஷயத்தில் எங்கள் குடும்பத்துக்கும் ஒரு கீர்த்தி உண்டு. என் சித்தப்பா பெயர் வரதன். அதனால் சித்தி "வரதட்சணை" என்ற சொல்லை ஆயுள் முழுக்க உச்சரித்ததில்லை. பிள்ளைக்குப் பெண் பார்க்கும்போது, "நாங்க அந்த வார்த்தையே சொல்ல மாட்டோம்" என்பாள் பெருமையாக. பெண் வீட்டார் நெகிழ்ந்து போவார்கள். பிறகு வெள்ளிப் பாத்திரம், கட்டில், பீரோ என்று தனித்தனியாகச் சொல்லி வாங்கிக்கொண்டாள். அவற்றில் எதுவும் சித்தப்பா பெயர் இல்லை.

நானும் யோக்கியம் இல்லை. கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும் என் கணவரை "இந்தாங்கோ" என்றுதான் கூப்பிடுகிறேன். கடைத்தெருக் கூட்டத்தில் அவர் காணாமல் போனால் "இந்தாங்கோ" என்று கத்துவேன். இதுவரை ஏழெட்டுப் பேர் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள். அவர் மட்டும் திரும்பியதில்லை.

செத்துப் போகாத குற்றம்

செங்கமலம் பிழைத்துக்கொண்டாள்.

அதில் எல்லோருக்கும் சந்தோஷம், வழக்குக்கு மட்டும் சங்கடம். சொன்னவர் உயிரோடு வந்துவிட்டால் அது மரண வாக்குமூலம் இல்லை. சாதாரண வாக்குமூலம் ஆகிவிடும். அவளே கூண்டில் ஏறி எல்லாவற்றையும் மறுபடி சொல்ல வேண்டும், குறுக்கு விசாரணைக்குப் பதில் சொல்ல வேண்டும். செத்திருந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் சவரிமுத்து சார் அவளை ஒரு கேள்வி கேட்டிருக்க முடியாது.

சவரிமுத்து சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்ல மனிதர். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். சாட்சிகளை "அம்மா, தாயே" என்று கொஞ்சிக்கொண்டே கவிழ்ப்பார். அவருடைய கட்சி எளிமையானது. மரண வாக்குமூலத்தில் ரெங்கநாதன் என்ற பெயரே இல்லை. அக்கரைச்சாமி என்று ஒருவன் செய்திருக்கிறான். உடம்பு தேறிய பிறகு, தாய்வீட்டார் சொல்லிக் கொடுத்து இந்தப் பெண் புருஷனை மாட்டிவிடுகிறாள்.

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. அதுதான் பயம்.

உடம்பு தேறியதும் அவள் போலீஸிடம் "எங்க வீட்டுக்காரருதான்" என்றதால் ரெங்கநாதன் முதல் எதிரி ஆகியிருந்தார்; அக்கரைச்சாமி யாரென்று அவளிடம் யாரும் கேட்கவில்லை. அக்கரைச்சாமியைத் தனி வழக்காகப் பிரித்துவிட்டார்கள். இல்லாத ஆளுக்கு ஒரு தனி வழக்கு. ரெங்கநாதன் மீது விசாரணை தொடங்கியது.

குழாயடியில்

செங்கமலம் சாட்சி சொல்ல வேண்டிய அன்று காலை, நான் தண்ணீர் பிடிக்கக் கட்டடத்தின் பின்புறம் போனேன். தூணுக்கு அந்தப் பக்கம் பேச்சுக் குரல்.

"ஏம்மா, நானும் பொம்பளைதான். ஒன் வேதனை எனக்குத் தெரியாதா?" மாமியார் குரல்.

"தெரியும் அத்தை. நீங்கதான் கதவைச் சாத்துனீங்க."

"அதெல்லாம் விடு. யாரோ அக்கரைச்சாமின்னு ஒரு பய வந்தான், ஊத்திட்டு ஓடிட்டான்னு சொல்லிட்டு எறங்கிரு. எழுதி வச்சிருக்கறதும் அதானே? புதுசா ஒண்ணும் சொல்ல வேணாம்."

"அப்புறம்?"

"புள்ளைய நாளைக்கே ஒங்க அப்பா வீட்டுல கொண்டாந்து விட்டுர்றோம். இல்லாட்டி நீயே யோசிச்சுக்க. அவளும் இப்பல்லாம் ஒன்னையத் தேடறது கொறைஞ்சிருச்சு."

பிறகு செங்கமலம், "யோசிச்சுச் சொல்றேன் அத்தை" என்றாள்.

எனக்குக் குடத்தில் தண்ணீர் வழிந்து புடவை நனைந்துவிட்டது.

அக்கரைச்சாமி யாரென்று அப்போதும் எனக்குத் தெரியாது. ஆனால் அந்த மாமியாருக்கு நன்றாகத் தெரியும் என்பது குரலிலேயே இருந்தது. ஒரு பெயரை வைத்து ஒரு குழந்தையை விலை பேசுகிறார்கள் என்பது மட்டும் விளங்கியது. அரசு வக்கீல் மெஹருன்னிஸா மேடத்திடம் போய்ச் சொன்னேன். அவர் கோப்பிலிருந்து தலையைத் தூக்காமல், "இப்பத்தான் என்கிட்ட அந்தப் பொண்ணே சொல்லிட்டுப் போச்சு" என்றார்.

"என்ன சொல்லப் போறாளாம்?"

"அதைச் சொல்லலை. 'உள்ள வந்து சொல்றேன் மேடம்'னுருச்சு. யா அல்லாஹ், இந்த ஊர்ல ஒரு சாட்சியாவது என்னை நிம்மதியாச் சாப்பிட விடுதா?"

சாட்சி பிறழ்ந்துவிட்டால் வழக்கு அங்கேயே முடிந்தது. மேடம் கொண்டுவந்த டிபன் பாக்ஸ் அன்று திறக்கப்படவில்லை.

கூண்டில்

செங்கமலம் ஏறினாள். கழுத்துத் தோல் இழுத்துக்கொண்டிருந்ததால் தலையை மட்டும் திருப்ப முடியாது. யாரைப் பார்த்தாலும் முழு உடம்பையும் திருப்பித்தான் பார்ப்பாள். அதனால் அவள் பார்ப்பதே ஒரு தீர்மானம்போல இருக்கும். தேங்காய் எண்ணெய் வாசனை என் மேசை வரை வந்தது.

மெஹருன்னிஸா மேடம் கேட்டார். "மாஜிஸ்திரேட்கிட்ட அக்கரைச்சாமின்னு சொன்னீங்களே, அது யாரு?"

மாமியார் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். செங்கமலம் முழுதாகத் திரும்பி அவரைப் பார்த்தாள். பிறகு எதிரிக் கூண்டின் பக்கம் திரும்பினாள்.

"அந்தா நிக்கிறாங்களே, அவங்கதான். எங்க வீட்டுக்காரரு."

மேடம் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

"அவரை ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"பேரைச் சொல்லக் கூடாதுங்க. அக்கரையில கோயில்ல இருக்காரே சாமி, அவரு பேருதான் இவருக்கும். வீட்டுல நான் அப்படித்தான் சொல்லுவேன்."

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். தங்கராஜ் வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். மாதக்கணக்காகப் பெருமாளை அல்லவா வராந்தாவில் நின்று கூப்பிட்டிருக்கிறார். நான் தட்டுவதை நிறுத்திவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டு மாடியிலிருந்து தெரிகிற கோபுரத்துக்குச் சொந்தக்காரரை நான் "ஆஜர் இல்லை" என்று எத்தனை முறை தட்டியிருப்பேன்!

சவரிமுத்து சார் அங்கியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். முகத்தில் ஒரு கலக்கமும் இல்லை.

"தாயே, அக்கரையில ஒரு சாமிதானா இருக்காரு? திருவானைக்கோயிலும் அக்கரைதானே?"

"ஆமாங்க."

"ஒங்க பட்டறையில வெல்டிங் வைக்கிறவரு பேரு என்ன?"

"ஜம்புலிங்கம்."

"அது எந்தக் கோயில் சாமி பேரு?"

"திருவானைக்கோயில் சாமி பேருங்க."

"அப்ப நீ சொன்ன அக்கரைச்சாமி ஜம்புலிங்கமாவும் இருக்கலாம். இல்லியா தாயே?"

மேடம் எழப் பார்த்தார். செங்கமலம் முந்திக்கொண்டாள்.

"ஜம்பு பேரைத்தான் இப்ப ஒங்ககிட்டச் சொல்லிட்டேனேங்க."

"சரி, அதுக்கென்ன?"

"அவரா இருந்தா ஜம்புன்னே சொல்லியிருப்பேன். அவரு பேரைச் சொல்ல எனக்கு என்னங்க தடை? அதோட, ஜம்பு நாளெல்லாம் நின்னுக்கிட்டு வேலை செய்யறவரு. அந்த வீட்டுல எந்நேரமும் படுத்துக் கெடக்கற சாமி இவரு ஒருத்தருதான்."

நீதிபதி குனிந்து எதையோ தேடினார். மேசைக்கு அடியில் தேட ஒன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும். சிரித்து முடித்துவிட்டு நிமிர்ந்து, "அமைதி" என்றார்.

சவரிமுத்து சாரும் சிரித்தார். அவர் சிரித்தால் அடுத்த கேள்வி மோசமானது என்று பொருள்.

"பேரைச் சொல்ல வேணாம். 'என் புருஷன்'னு சொல்லியிருக்கலாமே? சாகப் போற நேரம். எதிர்ல மாஜிஸ்திரேட். அப்பக்கூடவா விடுகதை?"

"அவரு 'பேரைச் சொல்லு, பேரைச் சொல்லு'ன்னுதாங்க கேட்டாரு. பேருக்கு நான் சொல்றது அதான்."

நீதிபதி வாக்குமூலத்தைப் புரட்டிப் பார்த்தார். "பெயரைச் சொல்லுங்கள்" என்றுதான் இருந்தது. ஒரு கோடு போட்டுக்கொண்டார்.

"அப்ப ஒன்னால புருஷன் பேரைச் சொல்லவே முடியாது?"

சவரிமுத்து சார் கூண்டை நோக்கி ஓர் அடி முன்னால் வந்தார்.

"இன்னைக்காவது சொல்லேன் தாயே, கேப்போம். யாரு மேல கேஸு குடுத்திருக்கேன்னு கோர்ட்டுக்குத் தெரியணும்ல?"

அது நல்ல கண்ணி. சொல்லாவிட்டால், எதிரியின் பெயரைச் சொல்லாத சாட்சி. சொன்னால், இன்று வருகிற பெயர் அன்று ஏன் வரவில்லை என்று அடுத்த கேள்வி. இரண்டு பக்கமும் வாசல் அடைத்துவிட்டுத்தான் சவரிமுத்து சார் அழைப்பார்.

செங்கமலம் எதிரிக் கூண்டின் பக்கம் முழுதாகத் திரும்பினாள்.

"ரெங்கநாதன்."

"ஐயா!" என்று கையைத் தூக்கினார் ரெங்கநாதன்.

வாய்தா தோறும் பழகிய கை. தூக்கிய பிறகுதான் யார் கூப்பிட்டது என்று உறைத்தது. கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் தலையைச் சொறிந்துகொண்டார். சிரிப்பு அடங்க நேரம் ஆயிற்று.

சவரிமுத்து சார் காத்திருந்து கேட்டார். "இப்ப மட்டும் எப்படித் தாயே வந்துச்சு? அன்னைக்கு வராத பேரு?"

"பேரைச் சொன்னா புருஷனுக்கு ஆயுசு கொறையும்னு அத்தை சொல்லியிருக்காங்க. அன்னைக்குப் பொழைக்க மாட்டேன்னு நானே கேட்டேன், டாக்டரு நர்ஸம்மாகிட்டச் சொன்னதை. சரி, போறது நாம, நமக்குப் புள்ள ஒண்ணு இருக்கு, அப்பனாவது இருக்கட்டும்னு தோணுச்சு. அதான் பேரைச் சொல்லாமச் சொன்னேன்." அவள் சவரிமுத்து சார் பக்கம் முழுதாகத் திரும்பினாள். "இப்ப நான் இருக்கேன். அதனால அந்தப் பயம் இல்லை. எத்தன தடவ சொல்லணும்னு சொல்லுங்க, சொல்றேன்."

"அடிப் பாவி!" பின்வரிசையிலிருந்து மாமியார் எழுந்துவிட்டார். "வாய மூடுடி! ஐயா, அவளைச் சொல்லவிடாதீங்கய்யா!"

"உக்காருங்கம்மா" என்றார் நீதிபதி.

"ரெங்கநாதன்" என்றாள் செங்கமலம். நிதானமாக. "ரெங்கநாதன்."

"ஐயா, நிறுத்தச் சொல்லுங்கய்யா!"

கூண்டில் ரெங்கநாதன் வியர்த்துப்போய் நின்றார். இரும்பை அறுக்கிற பட்டறைக்கு முதலாளி, ஒவ்வொரு தரமும் தோள் குலுங்கக் கம்பியைப் பிடித்தார். அக்கரைச்சாமி யாரோ அந்நியன் என்றால் இந்த அம்மாள் ஏன் பதற வேண்டும், இவர் ஏன் வியர்க்க வேண்டும் என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை.

"வேற கேள்வி இல்லீங்க ஐயா" என்று சவரிமுத்து சார் உட்கார்ந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

சொன்னபடியே

சாட்சி பேசுவது பேச்சுத் தமிழ். பதிவாவது எழுத்துத் தமிழ். நீதிபதி நடுவில் நின்று மாற்றிச் சொல்வார், நான் தட்டுவேன். "போட்டுத் தள்ளிருவேன்னான்" என்பது "கொலை செய்துவிடுவதாக மிரட்டினார்" ஆகும். எங்கள் கோப்புகளில் எல்லோரும் நல்ல தமிழ் பேசுவார்கள்.

அன்றும் ஆரம்பித்தார். "எழுதுங்கம்மா. 'பெயரைச் சொன்னால் கணவரின் ஆயுள் குறையும் என்ற நம்பிக்கையில் அன்று பெயரைக் குறிப்பிடவில்லை. தற்போது நான் உயிருடன் இருப்பதால்...'"

அங்கே நின்றார்.

"மீதி அந்தம்மா சொன்னபடியே இருக்கட்டும்" என்றார்.

என் கைப்பட நான் தட்டிய சாட்சியங்களில் பேச்சு மொழியில் இருக்கிற வரி அது ஒன்றுதான். ரகர றகரம் சரிபார்த்து, மேற்கோள் குறி இட்டேன்.

ரெங்கநாதனுக்குத் தண்டனை ஆயிற்று. கதவைச் சாத்திய மாமியாரை வழக்கில் சேர்க்கச் சொல்லி மேடம் போட்ட மனு தனியாக நடந்தது. மேல்முறையீடும் போட்டார்கள், அது எங்கள் கட்டடத்தைத் தாண்டிப் போய்விட்டதால் நான் அறியேன். குழந்தை வேறொரு நீதிமன்றத்தின் உத்தரவுப்படி திருவெள்ளறைக்குப் போயிற்று. முதல் சில நாள் அம்மாவின் கழுத்தைப் பார்த்துப் பயந்ததாம். பிறகு அந்தக் கழுத்தைக் கட்டிக்கொண்டுதான் தூங்குகிறதாம். மேடம் சொன்னார்.

இவையெல்லாம் பின்னால் நடந்தவை. அந்த மத்தியானம் செங்கமலத்துக்கு ஒன்றும் தெரியாது. வழக்கு நிற்குமா, பிள்ளை கிடைக்குமா, எதுவும் தெரியாமல்தான் கூண்டிலிருந்து இறங்கினாள். பக்கவாட்டுக் கைப்பிடியைப் பிடித்து, பார்த்துப் பார்த்துக் கால் வைத்தாள்.

வெளியே போகும் வழி எதிரிக் கூண்டை ஒட்டித்தான். அங்கே வந்ததும் நின்றாள். உடம்பு முழுவதும் திரும்பிற்று. தாழ்ந்த குரலில், கிட்டத்தட்டக் கனிவாக, இன்னொரு தரம் சொன்னாள்.

"ரெங்கநாதன்."

கேள்வி கேட்டு வந்த பதில் இல்லை. கூண்டை விட்டு இறங்கிச் சொன்னது சாட்சியமும் ஆகாது. நீதிபதி என்னைப் பார்த்தார். நான் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.